பழைய வீடியோ கேசட் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது மஞ்சள் பையில் கேசட்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பரணிலோ பீரோவின் மேல்தட்டிலோ கிடந்து எடுத்ததாக இருக்கும். பெரும்பாலும் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா. “நேற்று ராத்திரி வீட்டிலேயே போட்டுப் பார்த்தோம், ஏதோ கரகரவென்று சத்தம் வந்தது” என்று சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். முப்பது வருடமாகச் சும்மா கிடந்து கெடாத கேசட், அந்த ஒரு ராத்திரியில்தான் கெட்டிருக்கும்.

கேசட்டைப் போட்டு ஓட்டும் பெட்டி, வி.சி.ஆர். என்றாலும் வி.சி.பி. என்றாலும், எங்கள் பக்கம் டெக்தான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வீடுகளில் கிடக்கும் வி.எச்.எஸ். வகைக் கேசட்டை ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் டெக்கும் கிழம்தான். கோளாறு கேசட்டிலா டெக்கிலா என்று பிரித்தறிவதுதான் பாதி வேலை.

அதற்கு ஒரு பலிகடாக் கேசட் வேண்டும். போனாலும் பரவாயில்லை என்ற ஏதாவது ஒரு பழைய சினிமாக் கேசட், ஆனால் நன்றாக ஓடுவதாக இருக்க வேண்டும். புதிதாகக் கிடைத்த டெக்கிலோ, வருடக்கணக்கில் ஓட்டாத டெக்கிலோ முதலில் அதைத்தான் போட வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டி, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்து, டேப்பின் இரு ஓரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரம் சுருங்கியிருந்தால் அந்த டெக்கில் வேறு எதையும் போடாதீர்கள்.

டெக்கின் மூடியைக் கழற்றச் சொல்லும் இடங்களிலெல்லாம் மின்செருகியைப் பிடுங்கிவிட்டே கழற்றுங்கள். மின்சாரம் நுழையும் பக்கம் இருக்கும் பவர் சப்ளை பலகையில், செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அந்தப் பக்கம் கை வைக்கவே கூடாது.

கேசட்டின் கண்ணாடி வழியாக வெள்ளையாகத் தெரிகிறது

முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். டேப் மேடு பள்ளமாகச் சுற்றியிருந்தால் சில வரிகள் மட்டும் பளபளப்பாகத் தெரியும்; கேசட்டைச் சாய்த்தால் பளபளப்பு நகரும். அது கோளாறே இல்லை. பூசணம் சாய்த்தாலும் நகராது. மாவு தூவியதுபோல், அல்லது சிலந்தி நூல்போல், சுருளின் ஓரத்தில் திட்டுத் திட்டாக இருக்கும்.

மதுரை வறண்ட ஊர்தானே என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறிய சுவரை ஒட்டிய பீரோ போதும். கொடைக்கானலில் இருந்து வரும் கேசட் என்றால் நான் பார்க்காமலேயே கையுறையை மாட்டிவிடுவேன்.

பூசணம் என்று தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். ‘ஒரு முறை சுற்றிப் பார்க்கலாமே’ என்பதும் கூடாது. சுற்றும்போது பூசணம் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஏறும், டேப்பை நடத்திச் செல்லும் வழித்தண்டுகளில் ஏறும், அடுத்துப் போடும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பரவும். அந்தக் கேசட்டை உடனே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மற்றவற்றிடமிருந்து பிரித்துவிடுங்கள்.

அடுத்து உலர்த்துவது. வடகம் காயப் போடுவதுபோல் மொட்டை மாடியில் பரப்பி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு மதியம் போதும், கூடு நெளிந்துவிடும், சுருள் இறுகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில், மருந்துப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நிறையப் போட்டு, கேசட்டை நிறுத்தி வைத்து ஒரு வாரம் விடுங்கள். ஈரம் போனால் பூசணம் பொடியாகும். பொடியானதைத் துடைக்கலாம், ஈரமாக இருப்பதைத் துடைத்தால் ஈஷிக்கொள்ளும்.

துடைப்பதை வீட்டுக்கு வெளியே, முகக்கவசமும் கையுறையும் அணிந்து செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். கூட்டைத் திறந்து (அடிப்பக்கம் 5 திருகுகள்), சுருளின் ஓரத்தை மட்டும் மென்மையான, நூல் பிரியாத துணியால், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மிகக் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றி எடுங்கள். திறக்கும் முன் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். அந்தச் சின்ன உருளைகளும் கம்பிச்சுருளும் எந்தப் பக்கம் இருந்தன என்பது, மூடும் நேரத்தில் நிச்சயம் மறந்துபோகும். இன்னும் நல்ல வழி, பழைய காலிக் கேசட் ஒன்றின் கூட்டில் சுருள்களை மாற்றிவிடுவது. பழைய கூட்டின் மூலைகளில் பூசணம் ஒளிந்திருக்கும்.

நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்: ஓரத்தில் மட்டும் இல்லாமல் டேப்பின் முகத்திலேயே பூசணம் தெரிந்தாலும், விரலால் சுருளைத் திருப்பும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் நிறுத்திவிடுங்கள். அதற்கு டேப் முழுவதையும் துணிமேல் ஓட்டித் துடைக்கும் சுற்றுக் கருவி வேண்டும். வீட்டில் முடியாது.

டெக் கேசட்டை வாங்குவதே இல்லை, அல்லது வாங்கித் துப்பிவிடுகிறது

டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். நான் இதுவரை எடுத்தவை: ஐம்பது பைசா, பல்லி முட்டை, எறும்புப் புற்று, ஒரு சீட்டுக்கட்டின் ஆடுதன் ராஜா.

உள்ளே ஒன்றும் இல்லையென்றால், கேசட்டின் முன்கதவு திறக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் கதவு எளிதாகத் தூக்க வர வேண்டும். கதவு சிக்கினால் டெக்குக்கு வேறு வழியில்லை, துப்பத்தான் செய்யும்.

ஒரு விசித்திரமும் உண்டு. மூடியைக் கழற்றிய டெக்கை முற்றத்து வெயிலிலோ குண்டு பல்பின் கீழோ வைத்துச் சோதிப்பார்கள், போட்டதும் துப்பும். டேப்பின் இரு முனைகளும் ஒளி ஊடுருவும் துண்டுகள். அவற்றைக் கண்டுதான் டேப் முடிந்ததை டெக் அறிகிறது. வெளி வெளிச்சம் அந்த உணரிகளில் விழுந்தால், டேப் முடிந்துவிட்டது என்று அது எண்ணிக்கொள்ளும். ஓர் அட்டையால் நிழல் கொடுத்தால் தீர்ந்தது. இது தெரியாமல் மோட்டாரையே மாற்றியவர் உண்டு. அந்தப் புண்ணியவான் நான்தான்.

இதற்கும் மசியவில்லை என்றால் பெல்ட் இளகியிருக்கும், அல்லது பல்சக்கரம் உடைந்திருக்கும். எங்கள் ஊர் வெயிலில் பழைய ரப்பர் பெல்ட் தார்போல உருகி ஒட்டிக்கொள்ளும். பெல்ட் மாற்றுவது எளிய வேலை. பல்சக்கரம் என்றால் இன்னொரு செத்த டெக்கிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

போட்ட சில நொடிகளில் நின்றுவிடுகிறது

பலிகடாக் கேசட் ஒழுங்காக ஓடி, உங்கள் கேசட் மட்டும் நிற்கிறதா? கேசட் இறுகியிருக்கிறது. அடிப்பக்கம் நடுவில் உள்ள சிறு துளையில் பேனா முனையை விட்டு அழுத்தினால் சுருள்களின் பூட்டு விடுபடும். விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கனமாக இருந்தால் கேசட்டை உள்ளங்கையில் தட்டையாக இரண்டு மூன்று முறை தட்டுங்கள். பல நேரம் அதுவே போதும். பிறகு ஒரு முறை முழுவதும் முன்னே சுற்றி, பின்னே சுற்றுங்கள்.

இரண்டு கேசட்டும் நிற்கிறதென்றால் டெக். எடுக்கும் பக்கத்துச் சுருள் திரும்பவில்லை என்றால் டேப்பைக் காக்க அது தானாகவே நிற்கும். சுருளைத் திருப்பும் ஐடிலர் சக்கரத்தின் ரப்பர் வழவழப்பாகியிருக்கும். துடைத்துப் பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். சுருள் நன்றாகத் திரும்பியும் நிற்கிறதென்றால் அடியில் உள்ள சுழற்சி உணரியில் தூசி. மின்னணுப் பலகைவரை கோளாறு போனால் பழுது பார்ப்பவரைத் தேடுங்கள்.

டேப் கீச்சிட்டுக்கொண்டு மெதுவாகி நிற்பது வேறு நோய். டேப்பின் காந்தப்பூச்சைப் பிடித்துவைத்திருக்கும் பசை, வருடக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிட்டது. வி.எச்.எஸ்.ஸில் இது அரிது. பழைய யூமேட்டிக் கேசட்டுகளிலும் ஒலிநாடாச் சுருள்களிலும்தான் அதிகம். அதை மிதமான, கட்டுப்பாடான சூட்டில் மணிக்கணக்காக வைத்து எடுத்து, குணம் நீடிக்கும் சில வாரங்களுக்குள் பிரதி எடுத்துவிடுவார்கள். சமையலறை அடுப்புகளுக்கு அந்த நிதானம் கிடையாது. இதில் முதல் கீச்சிலேயே நிபுணர்தான்.

படம் முழுக்கப் பனி. அல்லது கோடு ஓடுகிறது

அதிகம் பேர் கொண்டுவரும் கோளாறு இதுதான். கிளை கிளையாகப் பார்ப்போம்.

திரை முழுக்கப் பனி, அதாவது வெள்ளைப் புள்ளிகள்; சத்தம் மட்டும் தெளிவு. பெரும்பாலும் ஹெட்டில் அழுக்கு. பலிகடாவிலும் பனி தெரிந்தால் உறுதி. ஹெட் பதிந்திருக்கும் உருளை 62 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. ஹெட்டின் முனையோ தலைமுடி அளவுதான். அதனால் துடைப்பதில் ஒரே ஒரு விதி: மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது, முனை உடைந்துவிடும். மென்தோல் துண்டை ஆல்கஹாலில் நனைத்து உருளையின் பக்கத்தில் அசையாமல் லேசாக ஒட்டிப் பிடியுங்கள். இன்னொரு கையால் உருளையின் மேல்பரப்பைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். அசைய வேண்டியது உருளை, துணி அல்ல. காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டாம், நூல் ஹெட்டில் மாட்டி இழுக்கும். புதிய ரூபாய் நோட்டால் ஹெட் துடைத்த காலம் எனக்கும் நினைவிருக்கிறது. அன்று ஹெட் போனால் டவுன் ஹால் ரோடு பக்கம் போய் வேறு வாங்கிவிடலாம். இன்று எங்கே போவது? துடைத்த பின் கால் மணி நேரம் காய விடுங்கள்.

பனிப் பட்டை ஒன்று குறுக்கே நிற்கிறது, ஹெட்டை டேப்பின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங் பொத்தானை அழுத்தினால் நகர்கிறது. நல்ல செய்தி. அழுத்தி அழுத்தித் திரைக்கு வெளியே தள்ளிவிடுங்கள். தானியங்கி டிராக்கிங் இருந்தால் அதை நிறுத்திவிட்டுக் கையால் செய்யுங்கள். கல்யாணக் கேசட்டுகளில் தானியங்கி அடிக்கடி ஏமாந்துபோகும்.

பட்டை எதற்கும் நகராமல் மேலேயோ கீழேயோ நிற்கிறது. டேப்பை வழிநடத்தும் தண்டின் உயரம் மாறியிருக்கிறது. அந்தக் கேசட்டைப் பதிந்த டெக்கிலேயே உயரம் பிசகியிருக்கவும் கூடும். வேறு ஒரு டெக்கில் போட்டுப் பாருங்கள். தண்டின் திருகைத் தொட்டால் எல்லாக் கேசட்டும் கெடும். அது நிபுணர் வேலை.

அடியில் மட்டும் மெல்லிய நடுங்கும் கோடு. கோளாறே அல்ல. இரண்டு ஹெட்டுகள் கைமாறும் இடம் அது. பழைய டி.வி. அதைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும், கணினி காட்டிக்கொடுக்கும்.

ஒரே இடத்தில் மட்டும் பொறிபோல வெள்ளைக் கீற்றுகள். அந்த இடத்தில் காந்தப்பூச்சு உதிர்ந்திருக்கிறது. எங்கே என்று பார்த்தால், தாலி கட்டும் காட்சி. என் சித்தியின் கல்யாணக் கேசட்டில் மூன்று மணி நேரப் பந்தியும் மொய்யும் பளிச்சென்று இருக்கின்றன. தாலி கட்டும் அரை நிமிடம் மட்டும் மழை. நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது டேப் நகராது, ஆனால் ஹெட் அதே இடத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் நாங்கள் நிறுத்திக் காட்டினோம். உதிர்ந்தது திரும்பாது. பிரதி எடுத்தபின் கணினியில் நிறுத்தி எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள்.

துடைத்தும் எல்லாக் கேசட்டிலும் பனி போகவில்லை என்றால் ஹெட் தேய்ந்துவிட்டது. புதிய உருளையைத் தேடுவதைவிட ஓடும் டெக் ஒன்றைத் தேடுவது மலிவு.

படம் உருள்கிறது, நிறமே இல்லை

அனுப்பியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேளுங்கள். அமெரிக்கா என்றால் அது அந்த நாட்டுத் தொலைக்காட்சி முறையான என்.டி.எஸ்.சி. கேசட், நம்முடையது பால். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவை பெரும்பாலும் பால் முறைதான், தகராறு வராது. இரண்டையும் ஓட்டும் டெக்குக்குக் கேசட்டை மாற்றுங்கள். வேறு மருந்து இல்லை.

டெக் டேப்பைக் கடித்துவிட்டது

கையை எடுங்கள். வெளியே தொங்கும் டேப்பை இழுக்காதீர்கள். வெளியேற்றும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தவும் வேண்டாம், ஒவ்வொரு அழுத்தலும் இன்னும் அரை முழத்தை உள்ளே இழுக்கும்.

மின்செருகியைப் பிடுங்கி மூடியைக் கழற்றுங்கள். டேப்பை உருளையைச் சுற்றி இழுத்துவரும் இரண்டு தண்டுகள் தெரியும். அவற்றை இயக்கும் சிறு மோட்டாரின் தண்டை விரலால் மெதுவாகத் திருப்பினால் தண்டுகள் கேசட்டை நோக்கித் திரும்பும். எதிர்த்திசையில் போனால் மாற்றித் திருப்புங்கள். டேப் எங்கெல்லாம் சிக்கியிருக்கிறதோ அங்கெல்லாம் கையுறை போட்ட விரலால் விடுவித்து, கேசட் மேலேறியதும் கதவைத் தூக்கிப் பிடித்து எடுங்கள். தொங்கும் பகுதியைச் சுருளைத் திருப்பி உள்ளே வாங்குங்கள்.

கசங்கியிருக்கிறது, அறுபடவில்லை. வெட்டாதீர்கள். நகத்தால் நீவவும் வேண்டாம். டேப்பின் மேலோரத்தில் ஒலித்தடமும் கீழோரத்தில் கட்டுப்பாட்டுத் தடமும் இருக்கின்றன. அதனால் மேலோரம் கசங்கினால் சத்தம் தடுமாறும், கீழோரம் கசங்கினால் படம் தடுமாறும். இறுகச் சுற்றி ஒரு வாரம் வைத்து, ஒரே ஒரு முறை ஓட்டிப் பிரதி எடுத்துவிடுங்கள்.

அறுந்துவிட்டது. சாதாரண வேகத்தில் டேப் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர் போகிறது. ஏழு சென்டிமீட்டரை வெட்டி எறிந்தாலும் போவது மூன்று நொடிதான். மனதைத் தேற்றிக்கொண்டு, நைந்த முனைகளை நேராக வெட்டி, இரண்டையும் இடைவெளி இல்லாமல் முட்டவைத்து, டேப்பின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். ஹெட் தொடுவது வெளிப்பக்கம். ஒட்டுவதற்கென்றே வரும் நாடாவைத்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரணச் செல்லோடேப்பின் பசை எங்கள் சித்திரை மாதச் சூட்டில் கசிந்து ஹெட்டில் ஏறும். நான் இப்போது ஒட்டுவதையே பெரும்பாலும் விட்டுவிட்டேன். இரண்டு பாதியையும் இரண்டு காலிக் கூடுகளில் தனித்தனியாகப் போட்டு ஓட்டி, கணினியில் சேர்த்துவிடுகிறேன். ஒட்டு ஹெட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்க வேண்டியதில்லை.

பிறகு டெக்கைக் கவனியுங்கள், அது மறுபடியும் கடிக்கும். டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பரில் அழுக்கா என்று பாருங்கள். லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். அடுத்து ஐடிலர், பெல்ட். அதற்கும் அடுத்து, இயக்கத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று டெக்குக்குச் சொல்லும் மோட் சுவிட்ச். அதைக் கழற்றி மாட்டுவதில் ஒரு பல் தவறினாலும் முழு இயக்கமும் பிசகும். அனுபவம் இல்லாதவர்கள் பிஞ்ச் ரோலரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படம் வருகிறது, சத்தம் இல்லை

கம்பியை மாற்றுங்கள். மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் ஒலி. ஹைஃபை டெக்கில் கரகரப்பு வந்தால் ஒலியைச் சாதாரணத் தடத்துக்கு மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் அசையாமல் நிற்கும் ஒலி ஹெட்டைத் துடையுங்கள். நாகசுரம் ஒலிக்கும்போது மட்டும் பிளிறுகிறதென்றால், அன்றைக்கு ஒலிவாங்கியை மேளத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அது டேப்பிலேயே அப்படித்தான்.

டி.வி.யில் தெரிகிறது, கணினியில் பதியவில்லை

படத்தைக் கணினியில் பதியும் கேப்சர் மென்பொருள் என்.டி.எஸ்.சி.யில் நிற்கிறதா என்று பாருங்கள். பால் முறைக்கு மாற்றி 720×576, நொடிக்கு 25 சட்டகம் என்று வையுங்கள். டிவி (DV) என்ற டிஜிட்டல் வீடியோ வடிவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. வரை ஆகும், வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது: டெக் தரும் சைகை நடுங்கினால் சில கருவிகள் ‘பிரதித் தடை உள்ள கேசட்’ என்று சொல்லி நீலத்திரை காட்டும். கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டில் அந்தத் தடை உண்மையாகவே இருக்கலாம். உங்கள் வீட்டுக் காதுகுத்தில் எப்படி இருக்கும்? நடுக்கத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இதற்கு மருந்து. விலை கூடியது. ஒன்றிரண்டு கேசட்டுக்காக வாங்காதீர்கள், அது இருக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்குமுன் பலிகடாவை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். நான் அறிந்த ஒருவர், ஒரு கடையில் கொடுத்த பத்துக் கேசட்டில் ஒன்பதை டெக் கடித்துத் திரும்ப வாங்கினார்.

எதை முதலில் பிரதி எடுப்பது என்று சேகரிப்பவர்கள் கேட்பதுண்டு. சினிமாவைக் கடைசியில் வையுங்கள், அது வேறு எங்காவது கிடைக்கும். கோரிப்பாளையத்தில் யாரோ மாடியில் நின்று எடுத்த அழகர் ஆற்றில் இறங்கும் காட்சி வேறெங்கும் கிடைக்காது. பிரதி எடுத்ததும் மூலக் கேசட்டை எறியாதீர்கள். முழுவதும் ஒரு பக்கம் சுற்றி, புத்தகம்போல நிறுத்தி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் கேசட்டில் வேறு ஏதோ இருக்கிறது

உறையில் தங்கையின் கல்யாணம் என்று எழுதியிருக்கும், போட்டால் கிரிக்கெட். யாரோ மேலே பதிந்துவிட்டார்கள். மேலே பதிந்ததன் அடியில் இருந்ததை எந்த நிபுணராலும் மீட்க முடியாது, அதற்காகப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆனால் அதோடு கேசட்டை மூடிவிடாதீர்கள். மூன்று மணி நேர டேப்பின் கடைசிவரை ஓட்டுங்கள். புதிய பதிவு முடிந்த இடத்தில் சற்று நேரம் பனி பெய்யும்; அதன்பின் பழையது மிச்சமிருக்கும். மேலூரிலிருந்து வந்த ஒரு கேசட்டில் ஆட்டம் முழுவதும் ஓடி முடிந்து, பனி பெய்து, பிறகு பந்தி வந்தது. பதினோரு நிமிடம். கொண்டுவந்தவரின் பாட்டி, குனிந்து இலைக்கு இலை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கேசட்டை வெளியே எடுத்து, இனி யாரும் மேலே பதிய முடியாதபடி, முதுகில் இடப்பக்கம் இருந்த பதிவுத் தகட்டைத் திருப்புளியால் நெம்பி உடைத்துவிட்டுத்தான் கொண்டுவந்தவரிடம் கொடுத்தேன்.